முதல் மாரத்தான்: செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் ஓடி முடிப்பது எப்படி

சென்னையில் மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர் ஓட்டம், நடப்பது ஜனவரியில். ஓடுவதற்கு ஊரில் அதைவிட நல்ல மாதம் கிடையாது, ஆனால் அதற்கான பயிற்சி முழுவதும் செப்டம்பர் புழுக்கத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும்தான் வந்து விழும். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் போட்டவை, அதில் இருக்கும் வேகத்தை நம் கடற்கரைக் காற்றில் அப்படியே ஓடப் பார்த்தால் ஒரு மாதத்துக்குள் முட்டி வலியோ வெறுப்போ ஏதோ ஒன்று வந்து நிறுத்திவிடும். அதனால் இதில் எந்தப் படியைப் படித்தாலும் கடைசியில் ஒன்றுதான் இருக்கும்: மெதுவாக ஓடுங்கள்.

தொடங்குவதற்கு முன்

10 கிலோமீட்டரை நிதானமாக ஓடி முடித்துவிட்டு அன்றைக்கே வழக்கம்போல் வேலைக்குப் போக முடிகிறதா? அப்படியென்றால் பதினெட்டு வாரம் போதும். முடியவில்லை என்றால் இந்த ஜனவரியில் 10 கிலோமீட்டரோ அரை மாரத்தானோ ஓடுங்கள், முழுசு அடுத்த வருஷம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், நாற்பதைத் தாண்டியவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஷூவே வாங்க வேண்டும்.

ஷூ

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் நாள் முழுக்க நின்று நடந்து கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட தூரத்தில் நகம் முன்னால் இடித்து இடித்துக் கறுத்துப்போகும்.

லேஸ் கட்டுவதில் ஒரு விஷயம். ஷூவில் எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஓட்டை ஒன்று இரண்டு பக்கமும் இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்து ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் வையுங்கள், மறுபக்கமும் அப்படியே. இப்போது இடது நுனியை வலது வளையத்திலும், வலது நுனியை இடது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் உட்கார்ந்துவிடும், பாதம் முன்னால் சறுக்காது. காசு செலவில்லாத வைத்தியம்.

மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள் அட்டையை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

வாரம் எப்படி இருக்க வேண்டும்

நான்கு நாள் ஓட்டம் போதும். செவ்வாய் 6 கிலோமீட்டர், வியாழன் 8, சனி 5, ஞாயிறு நீண்ட ஓட்டம். நடுவில் ஒரு நாள் தொடைக்கும் இடுப்புக்கும் உடற்பயிற்சி, பெரிய ஜிம் எல்லாம் வேண்டாம், வீட்டில் பத்துப் பதினைந்து ஸ்குவாட், படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தும் பிளாங்க். பாக்கி நாள் ஓய்வு.

வேகத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அதுதான் அளவு. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். செப்டம்பரில் விடிகாலை ஐந்து மணிக்கே பனியன் பிழியப் பிழிய வியர்க்கும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது, இதயம் கூடுதலாக அடித்துத்தான் சமாளிக்கும். அந்த மாதத்தில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூட ஆனால் உங்கள் உடற்தகுதி போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

பயிற்சியின் உயிரே இதுதான். 12 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டி, நான்காவது வாரம் ஒருமுறை குறைத்து, டிசம்பர் நடுவில் 30 தொட வேண்டும். 42 வரை போக வேண்டியதில்லை, அதில் கிடைக்கும் லாபத்தைவிட ஆறவேண்டிய காயம்தான் அதிகம். மெரினாவில் நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர், ஐந்து தடவை போய்த் திரும்பினால் கணக்கு முடிந்தது. அலுப்பாக இருக்கும்தான், ஆனால் அந்த அலுப்பும் பயிற்சியில் சேர்த்தி.

ஒன்பது நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது கேவலம் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பிற்பாடு ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்ததே இந்த முறையைத்தான். முதல் நிமிடத்திலிருந்தே நடையைக் கலக்க வேண்டும், களைத்த பிறகு நடப்பது வேறு கதை.

வழியில் சாப்பிடுவதையும் இங்கேயே பழகுங்கள். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து பலருக்கும் 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்து, கால் ஈயம் ஊற்றியதுபோல் ஆகிவிடும். அது வராமல் இருக்க மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடிக்கொண்டே பிதுக்கி விழுங்கும் இனிப்புக் கூழ் பாக்கெட்டான ஜெல் ஒன்றில் இருபது இருபத்தைந்து கிராம் இருக்கும், பேரீச்சையும் வாழைப்பழமும் ஒத்துக்கொண்டால் அதுவே போதும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே போகாதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், நடுநடுவே ஓ.ஆர்.எஸ். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை ஓட்டத்தின்போது வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

கடைசி மூன்று வாரம்

ஞாயிறு ஓட்டம் 30லிருந்து 20, அப்புறம் 12. கை கால் துறுதுறுவென்று இருக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். புது ஷூ, புது டீசர்ட், புது ஜெல் எதுவும் இனி கிடையாது. முந்தின நாள் மதியமே வயிறாரச் சோறு, ராத்திரி சீக்கிரமாக ரசம் சாதமோ தயிர் சாதமோ. பிரியாணி திங்கட்கிழமைக்கு.

ஓட்ட நாள்

முழு மாரத்தான் இருட்டோடு, விடிகாலை நான்கு மணி வாக்கில் கிளம்பிவிடும், அதனால் இரண்டு மணிக்கே எழுந்து இரண்டு இட்லி, கொஞ்சம் காபி, கழிப்பறை. அக்குள், உள்தொடையில் வாசலின் தாராளமாக. ஆண்கள் மார்க்காம்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், ரத்தம் கசிந்த பனியனோடு வருபவர்களைப் பார்த்தால் புரியும்.

ஐந்து மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. முதல் 10 கிலோமீட்டரை ஒவ்வொன்றும் ஏழரை நிமிடத்தில் ஓடுங்கள். கூட்டமும் கொட்டுச் சத்தமும் இழுக்கும், எல்லோரும் தாண்டிப்போவார்கள், போகட்டும். தண்ணீர் மேசையில் கோப்பையின் வாயை இரண்டு விரலால் அமுக்கிக் கெண்டி மூக்குபோல் ஆக்கி, நடந்துகொண்டே குடித்தால் புரை ஏறாது. சூரியன் வருவது ஆறரைக்கு, ஏழரைக்கு மேல் சுள்ளென்று உறைக்கும், அதாவது உங்களுக்குக் கடினமான தூரமும் வெயிலும் சேர்ந்தே வரும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், ஷூவுக்குள் போகாமல் குனிந்து ஊற்றுங்கள். தலை சுற்றல், நெஞ்சு வலி, வியர்வை நின்றுபோய் உடம்பு கொதிப்பது, இதில் எது வந்தாலும் நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும்.

முடித்ததும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் நடந்து, உப்பும் சோறும் உள்ளே தள்ளுங்கள். ஒரு வாரம் ஓட வேண்டாம். மறுநாள் மாடிப்படி இறங்குவதுதான் பெரிய பாடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி இறங்கினால் தொடை அவ்வளவாக வலிக்காது, பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.