‘பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்று மெயில் வந்தால் என்ன செய்வது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போன தை மாதம் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் முகம் வாடி வந்தார். செல்போனில் மும்பையிலிருந்து வந்த ஒரு மெயில். கடைசி வரி, ‘நவ் த பால் இஸ் இன் யுவர் கோர்ட்.’

“எந்தக் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காங்கன்னு பாருங்கண்ணே” என்றார். நான்கு நாளாகப் பதில் போடாமல் வக்கீலைத் தேடி அலைந்திருக்கிறார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கேஸே கிடையாது. அது டென்னிஸ் ஆடுகிற கோர்ட். ‘பால்’ என்றால் பந்து.

இவர் 320 கிரேடு பருப்புக்குச் சாம்பிளும் விலையும் அனுப்பியிருக்கிறார். மும்பைக்காரர்கள், ‘கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தால் ஐம்பது டின் எடுத்துக்கொள்கிறோம்’ என்று எழுதிவிட்டு, ‘இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்’ என்பதைத்தான் அந்த வரியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆட்டத்தைத் தெரிந்துகொண்டால் அர்த்தம் மறக்காது. டென்னிஸில் எதிராளி அடித்த பந்து வலையைத் தாண்டி உங்கள் பக்கம் வந்துவிட்டால் அவர் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். நீங்களும் சும்மா நிற்க முடியாது. பந்து ஒரு முறை தரையில் குத்தி எழும்பலாம். இரண்டாம் முறை குத்துவதற்குள் திருப்பி அடிக்காவிட்டால் பாயிண்ட் அவருக்கு. (நம் ஊர்ப் பூப்பந்தில் பந்து தரையைத் தொடவே கூடாது. அதை ஆடியவர்களுக்கு இந்த அவசரம் இன்னும் நன்றாகப் புரியும்.) ஆக, அந்த வரியில் இரண்டு செய்தி இருக்கிறது: என் வேலையை நான் முடித்துவிட்டேன், நீங்கள் ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதனால்தான் அது ‘இட்ஸ் அப் டு யூ’ என்பதிலிருந்து வேறுபடுகிறது. காபியா டீயா என்று கேட்டுவிட்டு, உங்கள் இஷ்டம் என்று சொல்ல ‘அப் டு யூ’ போதும். பந்து வர வேண்டுமென்றால் ஏற்கெனவே ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

நீங்களே எழுதும்போது முதலில் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் பந்து உண்மையிலேயே வலையைத் தாண்டிவிட்டதா? கேட்ட ஆவணத்தை அனுப்பாமல், விலை சொல்லாமல், இந்த வரியை மட்டும் எழுதினால் எதிராளிக்குக் கோபம்தான் வரும். அனுப்பிவிட்டீர்களா, சரி, தாராளமாக எழுதலாம். ‘யுவர்’ என்ற இடத்தில் ஆளுக்கேற்ப ‘தேர்’, ‘ஹிஸ்’, ‘மை’ என்று மாற்றிக்கொள்ளலாம். ‘இன்’ மட்டும் மாறாது. ‘ஆன் யுவர் கோர்ட்’ என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் திருத்தித்தான் கொடுக்கிறேன்.

மேலே இருப்பவர்களுக்கு எழுத வேண்டாம். ஒரு கல்லூரி மாணவி, துறைத் தலைவருக்கான விடுப்புக் கடிதத்தை இந்த வரியோடு முடித்திருந்தாள். “வேண்டாம்மா, அவரை நெருக்குகிற மாதிரி இருக்கும்” என்று அடித்துவிட்டு, உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் ‘ஐ அவெய்ட் யுவர் டெசிஷன்’ என்று போட்டேன். சமமாகப் பேரம் பேசுகிற இருவருக்குள்தான் இந்த வரி பொருந்தும்.

தமிழில் சொல்வதென்றால் ‘முடிவு உங்கள் கையில்’ என்பதே அழகு. ‘பந்து உங்கள் பக்கம்’ என்றாலும் புரியும். போனில் மொழிபெயர்த்து ‘பந்து உங்கள் நீதிமன்றத்தில் உள்ளது’ என்று வந்தால் தயவுசெய்து அப்படியே ஒட்டாதீர்கள்.

வியாபாரிக்கு அன்றைக்கே பதில் அடித்துக் கொடுத்தேன். தாமதத்துக்கு ஒரு வரி வருத்தம், கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கிறேன், பணம் 15 நாளில் வர வேண்டும், சம்மதமா? அவ்வளவுதான். “நாமளும் கடைசியில அந்த பால் வரியைப் போடலாமாண்ணே?” என்று ஆசையாகக் கேட்டார். நான்கு நாள் தாமதம் நம்முடையது என்பதால் வேண்டாம் என்றேன். கேள்விக்குறியோடு நிறுத்தி அனுப்பினோம்.