பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் விட்டு, நீங்கள் இருவரும் வெளியே போய் வாருங்கள்

கத்தோலிக்கர்களான நாம் கோயிலுக்கு ஏன் போகிறோம் என்று கேட்டால் முதல் பதில் திருப்பலிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் தாத்தா பாட்டி ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்க, பினாங்கில் சின்னப் பிள்ளைகளோடு தனியாகச் சமாளிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, நம்பிப் பிள்ளையை விட்டுப்போக நாலு குடும்பம் கிடைப்பதும் அங்கேதான்.

எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இரண்டு குடும்பங்கள் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும், மற்றவர்கள் வெளியே போகலாம். சனிக்கிழமை வேண்டாம், மாலைத் திருப்பலி இருக்கும், கர்னி டிரைவ் பக்கம் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. 7 மணிக்கு விட்டால் 10 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தே அனுப்புங்கள். கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாது என்றால் வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதி போன் நம்பரோடு கொடுங்கள். அப்புறம், ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்: எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும், யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்கள்தான் அழைத்துப் போக வேண்டும்.

முதல் தடவை தூரமாகப் போகாதீர்கள். பாடாங் கோத்தாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஒரு தே தாரிக் குடித்தாலே போதும், பிள்ளை அழுகிறது என்று போன் வந்தால் உடனே திரும்பிவிடலாம்.