சரளமாக வாசிக்கிறது, ஆனால் புரியவில்லை: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம் வகுப்புக் குழந்தை பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறது. பின்னால் உள்ள வினாக்களுக்கும் சரியாக விடை எழுதுகிறது. ஆகவே புரிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. இந்த வரியைப் பாருங்கள்: "மொடுவன் பெரிய சலுங்கில் ஞெவித்தான்." மொடுவன் எதில் ஞெவித்தான்? "பெரிய சலுங்கில்" என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அர்த்தமே இல்லாத வரிக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிட்டது. வினாவில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எழுதக் குழந்தைகள் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள்.

வரியில் நேரடியாக இல்லாததைக் கேளுங்கள். "மீனா தங்கைக்குப் பால் கொடுத்தாள். குடித்ததும் தூங்கிவிட்டாள்." தூங்கியது யார்? தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடுவது சகஜம் என்பதால் இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'மீனா' என்று பதில் வந்தால், இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்க்கப் பழக்க வேண்டும். ஐந்து வினாக்களில் குறைந்தது இரண்டு இப்படி இருக்கட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்பதால் பயனில்லை, வகுப்பே "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் சொல்லும்.

அடுத்தது, வாசிக்கும்போதே ஒவ்வொரு பிழையையும் இடைமறித்துத் திருத்துவது. 'சுவரில் பல்லி ஓடியது' என்பதைக் குழந்தை 'பள்ளி ஓடியது' என்று வாசித்தால், வரி முடியும் வரை பொறுங்கள். பிறகு "பள்ளிக்கூடம் சுவத்துல ஓடுமா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே தானே திரும்பி வாசிக்கும். வாசிப்பதைக் கூடவே யோசித்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. ல, ள உச்சரிப்பு மட்டும் பிசகி, பொருள் சரியாகப் பிடிபட்டிருந்தால் அங்கே நிறுத்த வேண்டாம்.

நீண்ட சொற்களை எழுத்துக் கூட்டியே வாசிக்க விடுவதும் தவறு. 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதன் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துவிடும். பென்சிலால் லேசாகக் கோடிட்டு, பார்த்துக்கொண்டு / இருந்தவர்களுக்கு என்று பிரித்துக் காட்டி, அதே பத்தியை மூன்று முறை வாசிக்கச் செய்யுங்கள். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுக்கினால், அந்தப் பத்தி இப்போதைக்கு அந்தக் குழந்தைக்குக் கடினம், எளிதானதைக் கொடுங்கள்.

புரியாத குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுப்பதும் வீண். வாசிப்பு ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் 1986-ல் சொன்னபடி, எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல். ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். எது குறைகிறது என்று கண்டுபிடிக்க, அதே அளவு கடினமான வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதைச் சொல்கிறது என்றால் வாசிப்புப் பயிற்சிதான் தேவை. கேட்டும் புரியவில்லை என்றால் சொல்வளமும் கதையின் பின்னணியும் பற்றவில்லை. தினமும் பத்து நிமிடம் வாசித்துக் காட்டிப் பேசுங்கள்.

குழந்தை பதிலைப் பேச்சுத்தமிழில் சொல்லட்டும். "நரி ஏமாந்துடுச்சு டீச்சர், ஏன்னா..." என்று ஆரம்பித்தால் 'ஏமாந்துவிட்டது' என்று திருத்தாமல், அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள்.