பலாச்சுளையும் பால்கனிக் கிராதியும்: ஒட்டாத இரண்டைச் சேர்த்து எழுத்து வரைவது எப்படி

'கடல்' என்று எழுதச் சொன்னால் கை தானாக அலையையோ மீனையோ நங்கூரத்தையோ தேடிப் போகும். சொல்லுக்குப் பக்கத்து வீட்டுப் பொருளையே எடுப்பதால்தான் எல்லார் எழுத்தும் ஒன்றுபோல் இருக்கிறது. இதை உடைக்கச் சீட்டுக் குலுக்கலைவிட நல்ல வழி இல்லை.

இருபது சீட்டு வெட்டுங்கள். பத்தில் சந்தைப் பொருள்கள்: புதுச்சேரி குபேர் அங்காடியிலோ பண்ருட்டிச் சாலையோரத்திலோ கண்ணில் படுகிற பலா, முந்திரிக்கொட்டை, பூச்சரம், மீன்கூடை. மீதிப் பத்தில் தெருவில் நிற்பவை: புதுச்சேரியின் நீலத் தகட்டுத் தெருப்பலகை, மாடி பால்கனியின் இரும்புக் கிராதி, பழைய கலங்கரை விளக்கம். ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து எழுதுங்கள். செல்போனில் தேடிய படம் ஏற்கெனவே வேறொருவர் கண்ணால் பார்த்தது.

சீட்டின் பின்புறம் மூன்று குறிப்பு. தோற்றத்தை விட்டுவிட்டு, அந்தப் பொருள் எப்படி ஆகியிருக்கிறது என்பதை எழுதுங்கள். பலா: மேலே முள், உள்ளே ஒவ்வொரு சுளையும் தன் குழிக்குள் அடங்கிக் கிடக்கும், அறுத்தால் பால் ஒட்டும். கிராதி: முழுக்க ஒரே தடிமன், நுனி சுருளும், இரண்டு கம்பி சேருமிடத்தில் பட்டை பிடித்திருக்கும்.

இப்போது இரண்டு பத்திலிருந்தும் ஒவ்வொரு சீட்டு எடுங்கள். ஒன்று எலும்பு, அதாவது எழுத்தின் கோடு. மற்றது சதை, அதாவது அந்தக் கோட்டுக்குள் நிரம்புவது. இரண்டும் எலும்பானால் எழுத்து உடையும். இரண்டும் சதையானால் வெறும் அலங்காரம்தான் மிஞ்சும். 'ப'வுக்குப் பதில் ஒரு பலாப்பழத்தையே வரைந்து வைப்பது இதில் சேராது. அது படம், எழுத்தல்ல.

'சுளை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கிராதி எலும்பு, பலா சதை. முதலில் 4 செ.மீ. அகலத்தில் ஒன்பது கட்டம் போட்டு, கட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்று பென்சிலில் கிறுக்குங்கள். முதல் மூன்றில் பழகிய வடிவங்கள்தான் வரும், அவை வெளியேறட்டும். பிடித்ததை ஏ4 தாளில் 6 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கி, கோட்டை 5 மி.மீ. தடிமனில் சீராக வையுங்கள். 'ளை'யின் இணைக்கொம்புச் சுழிகள் கிராதிச் சுருளாக மாறத் தாமே காத்திருப்பவை. சுளையை எழுத்தின் மேல் வைக்காதீர்கள். எழுத்துக்குள் அடைபடும் வெள்ளை இடம்தான் குழி. அதில் சுளையைப் படுக்க வையுங்கள். சுற்றிலும் 1.5 மி.மீ. வெள்ளை விட்டால்தான் அது அடங்கிக் கிடப்பதாகத் தெரியும்.

கெடுவது மூன்று இடத்தில். 'சு'வின் கீழிறங்கும் கோடு குட்டையானால் 'சளை' என்று படிப்பார்கள். 'ள'வின் நடுவில், கொம்பும் காலும் சேருமிடத்தில் பட்டை போட ஆசை வரும். போட்டால் ஒரே எழுத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும். பட்டையை இரண்டு எழுத்துகள் தொடும் இடத்தில் மட்டும் போடுங்கள். சுழியின் உள்வெளி கோட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மை அடைத்துக்கொள்ளும். 'ண', 'ன' வரும் சொற்களில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே சுழிதான் எழுத்து.

பழைய 'ளை'க்கு இணைக்கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கைபோல் வளையும் கோடு உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் வரை பெரும்பாலும் அப்படித்தான் அச்சானது. கிராதிச் சுருளுக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் இளையவர்கள் படிக்கத் தடுமாறுவார்கள். பக்கத்தில் சொல்லை ஊகிக்க ஏதாவது இருந்தால் மட்டும் துணியுங்கள்.

நிறம் இரண்டு போதும். மஞ்சளை முதலில் பூசி, நன்றாகக் காய்ந்தபின் கறுப்பு. ஈரத்தில் இரண்டும் தொட்டால் பாசிப்பச்சையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரக் காற்றில் போஸ்டர் கலர் லேசில் காயாது, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கையால் செய்த தாள் என்றால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பசை குறைந்த தாளில் மை கசிந்து, கம்பி நுனி பஞ்சாகிவிடும்.

முடித்ததும் சுவரில் சாய்த்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பிறகு, சொல் என்னவென்று தெரியாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அந்த எழுத்தை மட்டும் திருத்தினால் போதும். அதில் சதையைக் குறையுங்கள், எலும்பைத் தொடாதீர்கள்.

அடுத்த சுற்றுக்கு ஒரு ஜோடி: அரிக்கமேட்டுப் பானை ஓட்டின் தமிழ்-பிராமிக் கீறலும் பூச்சரமும், சொல் 'ஊர்'. கீறல் பெரும்பாலும் நேர்கோடாக ஓடுவதால் 'ஊ'வின் வளைவுகளை முனை முனையாக ஒடிக்க வேண்டியிருக்கும். 'ர்' மேலுள்ள புள்ளி பூவாகலாம், ஆனால் தலைக்கோட்டை ஒட்டிவிடாமல் தனித்து நிற்க வேண்டும்.