பல்பு வாங்கும் முன் கப்ளரைப் பாருங்கள்

சென்ற மாதம் ஓர் இரவு, மணப்பாறையிலிருந்து குளித்தலை வரும் வழியில் என் காரின் வலப்பக்க விளக்கு போய்விட்டது. எதிரே வந்த லாரிக்காரர் ஏதோ மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நடுச்சாலையிலேயே வந்தார். மறுநாள் இரண்டு புதிய பல்புகள் வாங்கி மாட்டினேன். பலனில்லை. யோசிக்க வேண்டியதைக் காசு போன பிறகுதான் யோசித்தேன்.

காரின் முகப்பு விளக்கில் வரும் எச்4 ரகப் பல்புக்குள் டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என்று இரண்டு இழைகள் உண்டு. ஒன்று மட்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் பல்புதான் குற்றவாளி. இரண்டும் ஒரே இரவில் அறுவது அபூர்வம். சந்தேகமிருந்தால் எரிகிற பக்கத்துப் பல்பைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டிப் பாருங்கள். துளியும் வெளிச்சமில்லை என்றால் முதலில் பியூஸ். எனக்கோ உற்றுப் பார்த்தால் இழை சிவந்து மினுங்கியது. அப்படியானால் பெரும்பாலும் எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் இணைப்பு, சரியில்லை.

பல்பின் பின்னால் செருகியிருந்த கப்ளரை, அதாவது கம்பிகள் வந்து சேரும் பிளாஸ்டிக் சொருகியை, உருவினேன். மூன்று துளைகளில் ஒன்று மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் மெழுகுபோல் வழிந்து உறைந்திருந்தது. அதுதான் இரண்டு இழைகளுக்கும் பொதுவான எர்த். காரை எனக்கு விற்ற புண்ணியவான் முன்பு பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90 வாட் உள்ள பல்பு போட்டு ஓட்டியிருக்கிறார். டிம்மில் நாலரை ஆம்பியர் ஓட வேண்டிய கம்பியில் ஏழரை ஓடினால் வேறென்ன ஆகும்? செராமிக் கப்ளர் ஒன்று வாங்கி, கம்பிகளைப் பற்றவைத்த பிறகு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பல்பே போயிருந்தால் வேலை சுலபம். விளக்கை அணைத்துச் சூடு ஆறவிடுங்கள். கப்ளரைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் உடலைப் பிடித்து அசைத்து உருவுங்கள். ரப்பர் மூடியை எடுத்து, கம்பிக் கொக்கியை உள்ளே அழுத்தி விலக்கினால் பல்பு கையோடு வரும். புதியதைத் தகட்டுப் பகுதியில் மட்டும் பிடியுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டினால், அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். பல்பின் மூன்று காதுகளும் ஒரே விதமாகத்தான் பொருந்தும். பொருந்தாவிட்டால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள்.

ரப்பர் மூடி இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படியும். என் காரில் பேட்டரி வழிமறிப்பதால் இந்த மூடிக்குத்தான் அரை மணி நேரம் ஆனது. மணிக்கட்டில் சிராய்ப்பு வேறு.