பிரேக் குழாய்க் கசிவு: நான் சரிசெய்த விதம்

பழைய காரின் முன்சக்கரத்துக்கு உட்புறம் ஈரமாக இருந்தது. தொட்டேன், வழுக்கியது, பெட்ரோல் வாடை இல்லை. பிரேக் ஆயில்தான். ரப்பர் குழாயை வளைத்ததும் வெடிப்புகள் வாய் திறந்தன.

அதைக் கழற்றப் போனால், அதோடு இணையும் இரும்புக் குழாயின் நட்டு துருவேறி அசையவில்லை. சாதாரண ஸ்பேனர் அதன் முனைகளை மழுக்கிவிடும். நட்டைச் சுற்றிக் கவ்வும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் கைகொடுத்தது.

புதுக் குழாய் மாட்டியும் சொட்டியது! பழைய செப்பு வாஷர்களையே மீண்டும் போட்ட என் கஞ்சத்தனம். ஒருமுறை நசுங்கியவை மறுபடி சரியாக அடைக்கவில்லை. புதியவை போட்டதும் கசிவு நின்றது. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, குழாய் முறுக்காமல், டயரில் உரசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றியபின் பிரேக் மிதி தொய்வில்லாமல் கல்லாக நின்றது. சிந்திய டாட் 4 வகை பிரேக் ஆயில் மட்கார்டு பெயிண்டை உரித்தது தனிக் கதை.