ஸ்மார்ட் வாட்ச் வாங்கியாச்சா? கட்டுவதற்கு முன்னால் போனில் இதைச் செய்யுங்கள்

போன மாதம் தண்டையார்பேட்டை மாமா பர்மா பஜாரில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "இத்த போன்ல சேத்துக் குடுப்பா" என்றார். வாட்ச்சுக்கான ஆப் ஒவ்வொன்றாக அனுமதி கேட்க, மாமா எல்லாவற்றுக்கும் 'அலௌ' தட்டத் தயாராக இருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று செய்ததைத்தான் எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போனுக்கான கணக்கு இது.

படி 1: அனுமதிகள்

வாட்ச்சும் போனும் புளூடூத்தில் பேசிக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு 12-லிருந்து அதற்கு 'நியர்பை டிவைசஸ்' என்ற தனி அனுமதி உண்டு. அதைவிடப் பழைய போன் என்றால் லொகேஷனும் கேட்கும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, புளூடூத் தேடலுக்கே அப்போது லொகேஷன் அனுமதி வேண்டியிருந்தது. 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். காண்டாக்ட்ஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். போன் வரும்போது வாட்ச்சில் பெயருக்குப் பதில் நம்பர் தெரியலாம், அவ்வளவுதான்.

படி 2: நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். இதைக் கொடுத்தால் போனில் வந்து விழும் நோட்டிஃபிகேஷன்களை அந்த ஆப் படிக்கலாம்: வாட்ஸ்அப் செய்தி, பேங்க் ஓடிபி, அடகுக் கடை நினைவூட்டல் எல்லாம். ஆப்புக்குள் 'எந்தெந்த ஆப்பின் செய்தி வேண்டும்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் அணைத்தால் வாட்ச்சில் காட்டாது. படிக்கும் அனுமதி அப்படியேதான் இருக்கும். போன் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' என்று தேடி, அங்கேயே அணைக்க வேண்டும். மாமாவுக்கு அணைத்துவிட்டேன். "அப்போ வாட்ஸ்அப் வராதா?" என்று முகம் சுருங்கியது. குடும்ப குரூப்பின் குட் மார்னிங்குகள் மணிக்கட்டிலும் வேண்டுமா என்ன?

படி 3: நடந்த பாதை

ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப், பயனர்கள் ஓடிய பாதைகளைச் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. ஆள் நடமாட்டமில்லாத இடங்களில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவம்கூட அதில் ஒளிர்ந்தது, 2018 ஜனவரியில் செய்தியானது. உள்ளே ஓடியவர்கள் வீரர்கள்தான். பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவுக்கு நீங்கள் தினமும் நடந்தால், ஆப் பதிவு செய்யும் பாதையின் கோடு உங்கள் வாசற்படியில் தொடங்கும். ஆப்பின் பிரைவசி பகுதியில் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், ஸ்ட்ராவாவில் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கத்தில் 200 மீட்டர் மறைத்தாலே எத்தனையோ வீடுகளுக்குள் உங்கள் வீடும் கலந்துவிடும். வீடுகள் தள்ளித்தள்ளி இருந்தால் தூரத்தைக் கூட்டுங்கள்.

படி 4: கைமாற்றும்போது

வாட்ச்சை ரீசெட் செய்தால் வாட்ச் மட்டும்தான் காலியாகும். இதயத்துடிப்பு, தூக்கக் கணக்கெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கலாம். ஆப்புக்குள் போய் அக்கவுண்ட்டையே டெலீட் செய்யுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் போதாது.

எல்லாம் முடிந்த பிறகு மாமா மெதுவாகக் கேட்டார்: "அத்தைக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கே, அதுலயும் இப்டி எதுனா அணைக்கணுமா?"

கூடாது. இதயத்துடிப்பைச் சீராக வைக்க நெஞ்சில் பொருத்தும் கருவி அது. வீட்டிலிருந்தபடியே பேஸ்மேக்கர் தகவலை டாக்டருக்கு அனுப்பும் கருவி தந்திருந்தால், நாமாக நிறுத்தக் கூடாது. தகவல் யாருக்கெல்லாம் போகிறது என்பதை டாக்டரிடமே கேட்க வேண்டும். 2017-ல் அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் தேவைப்பட்டபோதுகூட, நோயாளிகள் மருத்துவமனைக்குப் போய்த்தான் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒன்று: வாட்ச்சிலும் அதன் சார்ஜரிலும் காந்தம் இருக்கலாம். பேஸ்மேக்கர் வைத்த நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியே இருக்கட்டும்.

மாமா அன்று இரவே சார்ஜரை அத்தையின் தலையணைப் பக்கத்திலிருந்து எடுத்து டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டாராம்.